வெளுத்ததெல்லாம் கொக்கு

பறவை பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வருகிறவர்கள் அநேகமாக ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "எங்க போனா அபூர்வமான பறவை பாக்கலாம்?" கூந்தன்குளம், கோடியக்கரை, வேடந்தாங்கல் என்று ஒரு பட்டியல் சொல்லலாம். சந்தோஷமாகப் போய் வருவார்கள். நான் அவர்களை முதலில் அனுப்புவது அவரவர் ஊர்க் குளத்துக்கு. அங்கே கொக்கு, மடையான், நீர்க்காகம், மைனா, பருந்து இவற்றை ஒரு பருவம் முழுக்கப் பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறேன். கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. இருந்தாலும் இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. தினம் பார்க்கிற பறவையைத் தலை முதல் நகம் வரை தெரிந்துகொண்டவர்களுக்குத்தான் புதிதாக ஒன்று வந்து இறங்கினால் அது புதிது என்றே தெரியும்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் குளங்களுக்குக் குறைவில்லை. தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீரிலும் வடகிழக்குப் பருவமழையிலும் நிரம்பும் குளங்கள், அவற்றின் கீழே வயல், வயலில் கொக்கு. அந்தக் கொக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

வெள்ளையாக நிற்கும் அந்தப் பறவைகளில் குறைந்தது நான்கு வகை உண்டு. நடவுக்காகத் தொளி உழும் வயலில் டிராக்டருக்குப் பின்னால் கூட்டமாக ஓடுவதும், மாடுகளின் காலடியிலேயே நடப்பதும் உண்ணிக்கொக்கு. சுமார் 50 செ.மீ. உயரம், குட்டையான மஞ்சள் அலகு, மற்றக் கொக்குகளைவிடத் தடித்த கழுத்து. தாடைக்குக் கீழே கொஞ்சம் உப்பலாக இருக்கும். அதனால் முகத்துக்கு ஒரு பிடிவாதக்காரத் தோற்றம். அதன் சாப்பாடு பெரும்பாலும் பூச்சிகள்தான். எனவே தண்ணீரே இல்லாத மைதானத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு நின்றால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும்.

சின்னக்கொக்கு இதைவிட ஒல்லி. அலகும் காலும் கறுப்பு, ஆனால் பாதம் மட்டும் மஞ்சள். சேற்றில் நிற்கும்போது பாதம் தெரியாது. பறக்கும்போது பின்னால் நீட்டிய கறுப்புக் காலின் முனையில் அந்த மஞ்சள் பளிச்சென்று தெரியும். நின்றுகொண்டிருந்தால் அது வேட்டையாடும் விதத்தைப் பாருங்கள். ஒரு காலை முன்னால் நீட்டி, சேற்றுக்குள் அதிரவிட்டு, பதறி ஓடும் மீனைப் பிடிக்கும். இந்தப் பழக்கம் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பவர்களுக்குத்தான் கிடைக்கும்.

பெருங்கொக்கு 90 செ.மீ.க்கு மேல் உயரம். நீண்ட கழுத்தின் நடுவில் எலும்பு முறிந்தாற்போல ஒரு மடிப்பு. இதையும் நடுத்தரக் கொக்கையும் பிரிப்பதுதான் சிரமம். இரண்டுக்கும் கால் கறுப்பு, பாதமும் கறுப்பு, அலகு மஞ்சள். இங்கே பார்க்க வேண்டிய இடம் வாயின் ஓரம். பெருங்கொக்குக்கு வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். அலகும் சற்றுக் குட்டை, தலையும் உருண்டை. இந்தக் கோட்டை ஒருமுறை கண்ணால் பிடித்துவிட்டால், அப்புறம் தூரத்தில் நிற்கும் பறவையின் தலை வடிவத்தை வைத்தே சொல்ல வரும். சிறு அடையாளம் ஒன்றில் தொடங்கி மொத்த உருவத்துக்குப் போகிற இந்தப் பயிற்சியைக் கொக்கு அளவுக்குப் பொறுமையாக வேறெந்தப் பறவையும் சொல்லித்தராது. அது நின்ற இடத்திலேயே நிற்கும்.

உயரம் சொன்னேனே தவிர, களத்தில் உயரத்தை நம்பாதீர்கள். காலி வானத்திலோ காலிச் சேற்றிலோ தனியாக இருக்கும் பறவையின் அளவு யாருக்கும் பிடிபடாது. பக்கத்தில் தெரிந்த பறவை ஒன்று வேண்டும். சிட்டுக்குருவி, மைனா, காகம், பருந்து இந்த நான்கையும் அளவுகோலாக மனதில் வைத்துக்கொண்டால் போதும். மைனாவைவிடச் சிறிது, சிட்டுக்குருவியைவிடப் பெரிது என்று எழுதி வைப்பது, 18 செ.மீ. என்று குத்துமதிப்பாக எழுதுவதைவிட எவ்வளவோ மேல். சாதாரணப் பறவைகளை முதலில் படிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது நிறம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நிறத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பாதி வருடம் வரை அது உதவும். உண்ணிக்கொக்குக்கு இனப்பெருக்கக் காலம் வந்தால் தலையும் கழுத்தும் முதுகும் பொன் கலந்த ஆரஞ்சாகிவிடும். அதே காலத்தில் பெருங்கொக்கின் மஞ்சள் அலகு கறுத்துப்போகும், கண்ணுக்கு முன்னால் உள்ள தோலில் நீலப்பச்சை ஏறும். சின்னக்கொக்கின் பிடரியில் இரண்டு நீண்ட இறகுகள் தொங்கும். நிறத்தை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அந்த மாதங்களில் எல்லாமே வேறு பறவைகளாகத் தெரியும்.

மடையானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழுப்புக் கோடுகளோடு வரப்பிலோ மடைக்கல்லிலோ குறுகி உட்கார்ந்திருக்கும்போது அது மண்ணோடு மண்ணாகிவிடும். குளத்துக்கரையில் ஆடு மேய்க்கும் அண்ணாச்சி ஒருவர் நான் பைனாகுலரோடு தடுமாறுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எதத் தேடுதிய தம்பி?"

"சும்மா பறவை பாக்கேன் அண்ணாச்சி."

"அந்தா, ஒங்க காலுக்குப் பத்தடியில மடையான் இருக்கு. அது பறந்தாத்தான் கண்ணுக்குத் தெரியும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அது எழுந்தது. உட்கார்ந்திருந்த பழுப்புப் பறவை பறந்ததும் வெள்ளைப் பறவையாகிவிட்டது. இறக்கை முழுக்க வெள்ளை. இதே மடையானுக்கு இனப்பெருக்கக் காலத்தில் முதுகு அடர்ந்த மரூன் நிறமாகும். ஆக ஒரே பறவைக்கு மூன்று தோற்றம். அண்ணாச்சிக்கு இவை எதுவும் குழப்பமில்லை. அவர் பார்ப்பது அது உட்காரும் விதத்தை.

நிறத்தைவிட உருவம் முக்கியம் என்பதற்கு வானத்திலும் ஓர் உதாரணம் உண்டு. செம்பருந்து என்றால் வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடலும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் இளம் பறவை முழுக்கப் பழுப்பு. அப்போது அது கரும்பருந்து மாதிரியே இருக்கும். வாலைப் பார்க்க வேண்டும். கரும்பருந்தின் வால் நடுவில் பிளந்திருக்கும், செம்பருந்தின் வால்முனை வட்டமாக இருக்கும், இளமையிலும் அப்படித்தான். கரும்பருந்து வாலை நன்றாக விரித்தால் அந்தப் பிளவு மறைந்து நேர்க்கோடாகிவிடும். அது வாலைச் சுருக்கித் திரும்பும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். வல்லூறையும் அக்காக்குயிலையும் பிரிக்க அலகு உதவும். உடல் நிறம், வால் பட்டைகள், பறக்கும் விதம் எல்லாவற்றிலும் அந்தக் குயில் வல்லூறைப் போலவே இருக்கிறது. சிறு குருவிகளே அதைக் கண்டு அலறுகின்றன. அலகைப் பார்த்தால் வேட்டைப் பறவைக்குரிய அந்தக் கூரிய வளைவு குயிலுக்குக் கிடையாது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. 8x42 பைனாகுலர் ஒன்று போதும். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. என்று அர்த்தம். பத்து மடங்கு வாங்கினால் படம் பெரிதாகும், கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். பறவையைக் கண்ணால் பிடித்த பிறகு, பார்வையை அதிலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். இதைவிட முக்கியம் நிற்கும் இடம். காலையில் கிழக்குக் கரையில் நில்லுங்கள், மாலையில் மேற்குக் கரையில். வெயில் உங்கள் முதுகில் விழ வேண்டும். எதிர்வெயிலில் எவ்வளவு விலை உயர்ந்த பைனாகுலரிலும் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

இனி உள்ளான்கள். பறவை பார்ப்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோகிறார்கள். எனக்கோ இவைதான் உயிர். மாசி, பங்குனியில் குளத்தில் தண்ணீர் வற்றி ஓரமாகச் சேறு வெளியே வரும்போது, அந்தச் சேற்றில் சாம்பலும் பழுப்புமாகச் சின்னச் சின்ன உருவங்கள் ஓடும். கையேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் எல்லாம் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப அச்சடித்த மாதிரி இருக்கும். இங்கே நான்கு விஷயங்களைப் பார்க்கப் பழக வேண்டும்: கால் நிறம், அலகு நீளம், நடத்தை, பறக்கும்போது முதுகிலும் இறக்கையிலும் தெரியும் வெள்ளை.

பொரி உள்ளான் இருக்கிறதே, அதன் முதுகில் பொரி தூவியது போல வெள்ளைப் புள்ளிகள், கண்ணுக்குப் பின்னால்வரை நீளும் வெள்ளைப் புருவம், மஞ்சள் கலந்த கால்கள். அதோடு குழப்பிக்கொள்ளக் கூடியது கையேடுகளில் கிரீன் சாண்ட்பைப்பர் என்று இருப்பது. அதன் முதுகு நன்றாகக் கறுத்திருக்கும், புள்ளிகள் மிகச் சிறியவை. எழுந்து பறந்தால் இறக்கையின் அடிப்பக்கம் கருமை, இடுப்பு வெள்ளை, அந்த முரண் தூரத்திலிருந்தே தெரியும். இன்னொரு உள்ளான், கையேடுகளில் காமன் சாண்ட்பைப்பர் என்று இருப்பது, பின்புறத்தை இடைவிடாமல் ஆட்டிக்கொண்டே நடக்கும். மார்பின் ஓரத்தில் வெள்ளை ஒரு ஆப்பு மாதிரி மேலே ஏறியிருக்கும். பறந்தால் தண்ணீரை ஒட்டித் தாழ, விறைத்த இறக்கையை வெட்டி வெட்டி அடித்துப் பறக்கும். அந்தப் பறப்பைத் தெரிந்துகொண்டால் புள்ளி, புருவம் எதுவும் பார்க்கத் தேவையில்லை. விசிறிவால் உள்ளான் ஒரே இடத்தில் நின்று நீண்ட அலகைச் சேற்றில் தையல் மிஷின் ஊசி மாதிரி ஏற்றி இறக்கும்.

அலகைப் பார்ப்பதற்கும் ஒரு பாடம் உண்டு. பச்சைக்காலியின் அலகு லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். எழுந்து பறக்கும்போது "ட்யூ-ட்யூ-ட்யூ" என்று மூன்று முறை உரக்கச் சொல்லும். பவளக்காலிக்கு அலகின் அடியும் சிவப்பு, காலும் சிவப்பு, பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பு முழுக்க வெள்ளைப் பட்டை.

சிட்டுக்குருவி அளவில் ஓடிக்கொண்டே இருக்கும் கொசு உள்ளானைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு ஒவ்வொரு வருடமும் மனசு நிறைந்துவிடுகிறது. எடை 20 முதல் 40 கிராம். ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு, எங்கள் ஊர் ஆட்டுமந்தை இறங்கும் சேற்றுக்கு வருகிறது. கால் கறுப்பாக இருந்தால் கொசு உள்ளான். பச்சை கலந்த மஞ்சளாக இருந்தால் அதன் உறவான டெமிங்க் கொசு உள்ளான். ஆனால் சேறு ஒட்டிய மஞ்சள் காலும் கறுப்பாகத்தான் தெரியும், அதனால் அது தண்ணீரில் நடந்து கால் கழுவப்படும்வரை பார்க்க வேண்டும். ஏப்ரலில் சிலவற்றின் மார்பில் செம்மை ஏறத் தொடங்கும். அவை புறப்படத் தயாராகின்றன என்று அர்த்தம்.

கண்ணுக்குப் பிறகு காது. உண்மையில் தோட்டத்திலும் வேலியிலும் காதுதான் முதலில். செம்மார்புக் குக்குறுவானின் "டொங்க், டொங்க்" எங்கிருந்து வருகிறது என்று தேடினால் கழுத்து வலிக்கும். அது தலையைத் திருப்பித் திருப்பிக் கூவுவதால் குரல் இடம் மாறுவது போலிருக்கும். குயிலின் "கூ-ஊ" ஆணின் குரல். "கிக் கிக் கிக்" என்று பதறுவது புள்ளி போட்ட பெண் குயில். சாம்பல் கதிர்க்குருவி புதருக்குப் புதர் தாவும்போது சொடுக்குப் போடுவது போல ஒரு சத்தம் எழுப்பும்.

புரட்டாசி வாக்கில் எங்கள் வேலிகளில் "செக்... செக்..." என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கத் தொடங்கும். சித்திரை வரை கேட்கும். அது பிளித் நாணல் கதிர்க்குருவி. ஐரோப்பாவின் கிழக்குப் பகுதியிலும் மத்திய ஆசியாவிலும் கோடையைக் கழித்துவிட்டு இங்கே வருகிறது. இலைக்குள்ளேயே இருக்கும், வெளியே வந்தாலும் ஒரு மங்கிய பழுப்புக் குருவி, அவ்வளவுதான். பார்த்து அடையாளம் சொல்வதைவிடக் கேட்டுச் சொல்வது எளிது. அந்தச் சத்தத்தைக் கற்றுக்கொண்ட பிறகு, இத்தனை வருடம் இந்தப் பறவை தெருவுக்குத் தெரு இருந்திருக்கிறதே என்று திகைப்பீர்கள்.

கைப்பேசியில் மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறது. நல்ல உதவிதான், பயன்படுத்துங்கள். ஆனால் அது சொன்ன பறவையைத் தேடிக் கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள். கரிச்சான் வல்லூறின் குரலில் கத்தும். அதைக் கண்டுபிடிக்க மின்கம்பியில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்க்க வேண்டும்.

பருவமும் இடமும் பாதி அடையாளத்தைச் சொல்லிவிடும். குளிர்காலப் போகமான பிசான நெல் வயலில் நிற்கும்போது கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்துகள் வந்திருக்கும். மத்திய ஆசியப் பீடபூமியிலிருந்து இமயமலையைக் கடந்து வருபவை அவை. கார் சாகுபடி நடக்கும் ஆடியில் ஒரு வாத்தைக் கண்டு வரித்தலை வாத்து என்று தோன்றினால், எழுதுவதற்கு முன் மறுபடியும் நன்றாகப் பாருங்கள். வருடம் முழுக்கத் துணி துவைக்கும் கல்லில் வாலை ஆட்டிக்கொண்டிருப்பது வெண்புருவ வாலாட்டி. மஞ்சள் வாலாட்டி குளிர்காலத்தில் மட்டும் வரும் விருந்தாளி. இந்த நாட்காட்டி மனதில் ஏற ஒரே குளத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதைத் தவிர எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை.

பார்த்ததை அங்கேயே எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பெயர் இல்லாமல் எழுதுங்கள். கால் என்ன நிறம், அலகு தலையைவிட நீளமா, என்ன செய்துகொண்டிருந்தது, பக்கத்தில் எது நின்றது. மோசமாகவாவது ஒரு படம் வரையுங்கள். வரையும்போதுதான் புருவத்தைக் கவனிக்கவில்லை என்பது தெரியும், பறவை இருக்கும்போதே மறுபடி பார்த்துக்கொள்ளலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய இ-பேர்ட் தளத்தில் இனம் தெரியாவிட்டால் 'உள்ளான் வகை' என்ற அளவில் பதிவு செய்யவும் வழி இருக்கிறது. அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். தவறான பெயரைவிட அது ஆய்வுக்கு உதவும்.

எண்ணிக்கையையும் எழுதுங்கள். எங்கள் பகுதியில் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. 2015 முதல் தமிழகம் முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பொங்கலுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் வீட்டுக் கொல்லையில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலே அதில் சேரலாம். புதிதாகக் கற்கிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்களோடு ஒரு காலைப்பொழுது நடந்தால், புத்தகத்தில் மாதக்கணக்கில் பிடிபடாதது சட்டென்று பிடிபடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகப் பறவையின் குரலைப் பதிவிலிருந்து போட்டு வெளியே இழுக்காதீர்கள், கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று அது பதறி ஓடிவரும், அந்த நேரம் அதன் இரைக்கும் குஞ்சுக்கும் உரியது. கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்திலேயே சங்குவளை நாரைகள் கூடு கட்டுகின்றன. அந்த ஊர் மக்கள் தலைமுறைகளாக அவற்றைப் பதறவிடாமல் பார்த்துக்கொண்டதால்தான் அங்கே நின்று நம்மால் நிதானமாகப் பார்க்க முடிகிறது.

இப்போது நான் படித்துக்கொண்டிருப்பது பூனைப்பருந்துகளை. சேற்றுப் பூனைப்பருந்து எளிது. குளத்துச் சம்புக்கு மேலே இறக்கையைச் சற்றே உயர்த்தி வைத்துத் தாழப் பறக்கும், அது வந்தால் நாமக்கோழியும் வாத்துகளும் மொத்தமாகக் கலையும். மேட்டுநிலப் புல்வெளிகளில்தான் சிக்கல். அரசு ஆவணங்களில் 'தரிசு' என்று எழுதப்படும் அந்தப் புல்வெளிகளில் குளிர்கால மாலைகளில் மாண்டேகு பூனைப்பருந்தும் பாலிட் பூனைப்பருந்தும் தரையில் தங்க வருகின்றன. ஆண்களைப் பிரிக்கலாம். மாண்டேகு ஆணின் சாம்பல் இறக்கையில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, பாலிட் ஆணுக்கு இறக்கை முனையில் கறுப்பு ஆப்பு. பெண்களும் இளையவையும் இரண்டு இனத்திலும் பழுப்பு, இடுப்பில் வெள்ளை. கன்னத்துக் கருமைக்குப் பின்னால் வெளிறிய கழுத்துப் பட்டை தெளிவாக இருந்தால் பாலிட் பக்கம் சாயலாம். அந்தி வெளிச்சத்தில், பறந்துகொண்டிருக்கும் பறவையில், அந்தப் பட்டையைப் பார்க்க வேண்டும். என் நோட்டில் அவற்றுக்கு எதிரே 'பூனைப்பருந்து, பெண் அல்லது இளையது, கழுத்துப் பட்டை தெளிவில்லை' என்றுதான் இன்றுவரை இருக்கிறது. பங்குனி வரை அவை இங்கேதான் இருக்கும், இன்னும் சில மாலைகள் கிடைக்கும்.